நின்றுபோன ஜாப்பி கடிகாரம்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் முறை

19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் செய்யப்பட்டு, கணப்படுப்பின் மேல்தட்டில் அலங்காரமாக வைக்கப்பட்ட கடிகாரம் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது, அது ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். முலாம் பூசிய சிலை, கறுப்புப் பளிங்கு மேடை, வெள்ளை எனாமல் முகப்பு ஆகியவற்றைக் கண்டு மயங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய கடிகாரங்களில் கூடும் (சிலையும் மேடையும் சேர்ந்த வெளிப்பெட்டி) உள்ளிருக்கும் இயந்திரமும் பெரும்பாலும் ஒரே பட்டறையில் பிறந்தவை அல்ல. கூடு பாரிஸ் வெண்கல வேலைக்காரர்களின் கையில் உருவானது. இயந்திரம் பல நூறு கிலோமீட்டர் கிழக்கே, சுவிஸ் எல்லையருகே, ஜாப்பி தொழிற்சாலை இருந்த பொக்கூர் என்னும் சிற்றூரிலிருந்தோ, அதன் அண்டை ஊர்களிலிருந்தோ, பாதி முடிந்த நிலையில் பெட்டியில் அடுக்கப்பட்டுப் பாரிஸ் வந்தது. அங்கே ஒரு கடிகாரக்காரர் அதை இழைத்து முடித்துக் கூட்டில் பொருத்தினார். என் அனுபவத்தில் இக்கடிகாரங்கள் நிற்பதற்கான காரணங்களில் பெரும்பங்கு இயந்திரத்தின் உள்ளே இருப்பதில்லை. கூடும் இயந்திரமும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே கீழே சொல்லப்படும் சோதனைகள் அனைத்தும் வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் அமைந்துள்ளன. அந்த வரிசையைக் குலைக்க வேண்டாம்.

தொடங்கும் முன்: பின்தகட்டைப் படியுங்கள்

பின்புறக் கதவைத் திறந்தால் வட்டமான பித்தளைத் தகடு தெரியும். அதில் அடிக்கப்பட்ட முத்திரைதான் இயந்திரத்தைச் செய்தவரின் பெயர். முகப்பில் அழகாக எழுதப்பட்டிருக்கும் பெயர் பல நேரங்களில் விற்ற கடைக்கோ முடித்துக் கொடுத்தவருக்கோ உரியது. முத்திரையில் 'ஜாப்பி ஃப்ரேர்' என்றிருந்தால் அது ஜாப்பி சகோதரர்களின் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதைத் தொடங்கியவர் ஃப்ரெடெரிக் ஜாப்பி (1749–1812). அவர் 1777இல் பொக்கூரில் சட்டைப்பைக் கடிகாரங்களுக்கான கரட்டு (பாதி முடிந்த) இயந்திரங்களைச் செய்யத் தொடங்கி, 1799இல் தம் எந்திரக் கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றார். திறமையான ஒரு கைவினைஞர் நாள் முழுதும் அரம் வைத்துத் தேய்த்துச் செய்த உறுப்பைப் பயிற்சி குறைந்த ஒருவரும் எந்திரத்தைக் கொண்டு அடுக்கடுக்காகச் செய்யலாம் என்பதே அவருடைய சாதனை. மகன்களின் காலத்தில் நிறுவனம் மேசைக் கடிகார இயந்திரங்களிலும், பின்னர் காப்பி அரைவை, தட்டச்சு எந்திரம் போன்றவற்றிலும் விரிந்தது. பழைய பொருள் சந்தைகளில் ஜாப்பி பெயருடன் காப்பி அரைவை கிடைப்பதைக் கண்டு வியப்பவர்கள் உண்டு. எல்லாம் ஒரே குடும்பந்தான்.

முத்திரையில் '1855 பெரும் கௌரவப் பதக்கம்' என்ற பொருளில் பிரெஞ்சு வாசகம் இருந்தால், அது அவ்வாண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியைக் குறிக்கும். இயந்திரம் 1855க்கு முற்பட்டதல்ல என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்த முத்திரையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அடித்தார்கள் என்பதால், 'என் கடிகாரம் 1855இல் செய்தது' என்று சொல்லிவிட வேண்டாம். அருகிலேயே இயங்கிய சாமுவேல் மார்த்தி நிறுவனத்தின் 1889 வெள்ளிப் பதக்கம், 1900 தங்கப் பதக்கம் ஆகிய முத்திரைகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

முத்திரையைத் தவிர இரண்டு வகை எண்கள் இருக்கும். நீளமான எண் வரிசை எண். அதே எண் ஊசலின் குண்டிலும் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஊசல் அந்தக் கடிகாரத்தோடு பிறந்தது. தகட்டின் அடிப்பகுதியில் சிறிது இடைவெளியுடன் '4 6' என்பதுபோல் இரண்டு சிறு எண்கள் இருந்தால், அவை ஊசலின் நீளத்தைப் பழைய பிரெஞ்சு அளவில் சொல்கின்றன. முதல் எண் பூஸ், இரண்டாவது லீன்யு. ஒரு பூஸ் 27.07 மில்லிமீட்டர். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கான லீன்யு 2.256 மில்லிமீட்டர். ஆக '4 6' என்றால் ஏறத்தாழ 122 மில்லிமீட்டர். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும்போது இது கைகொடுக்கும்.

அறிகுறி: ஊசலை ஆட்டிவிட்டால் சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடுகிறது

பத்துக் கடிகாரம் வந்தால் ஆறேழு இந்த அறிகுறியோடுதான் வருகின்றன. 'பழுது' என்று சொல்லித் தருவார்கள். பெரும்பாலும் பழுது எதுவும் இராது.

அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கடிகாரத்தின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். நலமாக ஓடும் கடிகாரம் 'டிக்… டக்… டிக்… டக்' என்று ஓசைகளுக்கிடையே சமமான இடைவெளி விடும். உங்கள் கடிகாரம் 'டிக்-டக்…… டிக்-டக்……' என்று நொண்டினால், ஊசல் ஒரு பக்கம் நெடுந்தூரம் போன பிறகே இயந்திரம் அதைத் தள்ளுகிறது, மறுபக்கம் நடுவிலேயே தள்ளிவிடுகிறது என்று பொருள். நெடுந்தூரம் போக வேண்டிய பக்கத்தில் ஊசல் ஒவ்வொரு முறையும் சிறிது களைத்து, ஒரு கட்டத்தில் அந்தத் தூரத்தை எட்டாமல் நின்றுவிடுகிறது.

முதலில் கடிகாரம் நிற்கும் தட்டு ஆடாமல் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு கூட்டின் இடப்பக்கக் காலின் கீழ் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிக் கேளுங்கள். நொண்டல் குறைகிறதா, கூடுகிறதா? கூடினால் வலப்பக்கத்துக்கு மாற்றுங்கள். ஓசை சமமாகும்வரை அட்டைகளைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று அட்டைகளில் சமமாகிவிட்டால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

அட்டையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் இவ்வியந்திரத்தைப் பொருத்தியவர்கள் அழகான ஒரு வசதி செய்து வைத்திருக்கிறார்கள். முன்னாலுள்ள முகப்பு வளையத்திலிருந்து இரண்டு பித்தளைப் பட்டைகள் கூட்டின் உள்ளே நீண்டு, பின்னாலுள்ள வளையத்தோடு இரண்டு திருகுகளால் இறுக்கப்பட்டிருக்கும். கூட்டின் சுவரை நடுவில் வைத்து முன்னும் பின்னும் கவ்விக்கொள்ளும் ஏற்பாடு இது. வேறு எந்த ஆணியும் இயந்திரத்தைப் பிடித்திருக்கவில்லை. ஆகவே அந்த இரண்டு திருகுகளையும் கால் சுற்று தளர்த்தினால், முழு இயந்திரமும் கூட்டுக்குள் வட்டமாகத் திரும்பும். இடப்பக்கம் உயர்த்தியபோது ஓசை சமமானது என்றால், முன்னிருந்து பார்க்கையில் முகப்பை வலஞ்சுழியாக மயிரிழை திருப்புங்கள். வலப்பக்கம் உயர்த்திச் சமமானது என்றால் இடஞ்சுழியாக. அட்டையை எடுத்துவிட்டுக் கேட்டு, சமமானதும் திருகுகளை இறுக்குங்கள். நிற்கும் கடிகாரங்களில் பலவற்றை நான் கண்டிருப்பது இப்படித்தான்: யாரோ துடைக்கும்போது முகப்பைப் பிடித்து அழுத்தியிருப்பார்கள், தளர்ந்த பட்டைகளில் இயந்திரம் சிறிது திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

சமமான இடத்தில் முகப்பின் 12 கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்து நின்றால் மட்டும் அடுத்த படிக்குப் போக வேண்டும். முகப்பை நேராக நிறுத்திவிட்டுப் பின்புறம் வாருங்கள். ஊசல் கம்பியை இருபுறமும் தழுவி நிற்கும் கவட்டை ஒன்று மேலிருந்து இறங்கி வரும். இயந்திரத்தின் தள்ளுதலை ஊசலுக்குக் கொண்டுசேர்ப்பது அதுதான். ஊசலை விரலால் மெல்ல இடமும் வலமும் நகர்த்தி, எந்தப் பக்கம் அதிகத் தூரம் போனபின் ஓசை வருகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் என்றால் கவட்டையின் கீழ்முனையை வலப்பக்கம் சிறிது வளைக்க வேண்டும். வலப்பக்கம் என்றால் இடப்பக்கம். வளைக்கும்போது ஒரு கையால் கவட்டையின் மேற்பகுதியை அசையாமல் பிடித்துக்கொள்ளாவிட்டால், விசை முழுவதும் மெல்லிய அச்சுமுனையில் இறங்கி அதை ஒடித்துவிடும். சில இயந்திரங்களில் கவட்டை அச்சில் உராய்வால் மட்டுமே நிற்கும். அங்கே வளைக்கத் தேவையில்லை, நகர்த்தினாலே போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்தகட்டில், நங்கூர வடிவ உறுப்பின் அச்சுமுனை சுழலும் இடத்தில், திருகாணியின் தலைபோல் வெட்டுடன் ஒரு சிறு பித்தளைப் பொத்தான் இருக்கும். அது திருகு அன்று. நங்கூரம் பற்சக்கரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மையம் விலகிய குழல் அது. நான் என் முதல் கடிகாரத்தில் அதைத் தளர்ந்த திருகு என்று எண்ணி இறுக்கப் போய், ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை நிறுத்தினேன். பழைய நிலையைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் ஆயின.

அறிகுறி: ஓசை சமம், ஆனால் ஊசலின் வீச்சு குறைந்துகொண்டே போய் நிற்கிறது

இதற்கு மூன்று இடங்களைப் பாருங்கள். ஊசலின் குண்டு கூட்டின் பின்சுவரையோ மணியையோ உரசுகிறதா? மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். கடிகாரம் முன்னோக்கியோ பின்னோக்கியோ சாய்ந்து நிற்பதே இதற்குப் பொதுவான காரணம். கவட்டைக்கும் ஊசல் கம்பிக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா? இறுக்கமாகக் கவ்வினாலும் ஆகாது, தளர்ந்து தடதடத்தாலும் ஆகாது. மூன்றாவது, ஊசல் தொங்கும் இடம்.

அந்தத் தொங்கும் இடம் காலத்தைச் சொல்லும். 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதிக் கடிகாரங்களில் ஊசல் ஒரு பட்டுநூலின் மடிப்பில் தொங்கும். அஷில் புரோகோ உருவாக்கிய, மெல்லிய இரட்டை எஃகுத் தகடுகளையும் சிறு நகரும் பித்தளைக் கட்டையையும் கொண்ட தொங்கல் நூற்றாண்டின் நடுவிலிருந்து பரவலானது. எஃகுத் தகடுகளில் ஒன்று மடங்கியோ விரிசல் விட்டோ இருந்தால் ஊசல் நேராக ஆடாமல் எட்டுப் போடுவதுபோல் முறுக்கிக்கொண்டு ஆடும். பின்னாலிருந்து பத்து விநாடி பார்த்தாலே தெரிந்துவிடும். மடங்கிய தகட்டை நிமிர்த்த முயல வேண்டாம், புதிதாக மாற்றுங்கள். அதே அளவுள்ளவை இன்றும் செய்யப்படுகின்றன. ஊசலைக் கழற்றாமல் கடிகாரத்தைத் தூக்கிச் சென்றதே இவ்வளவுக்கும் காரணமாக இருக்கும். அறைக்கு அறை மாற்றினாலும் ஊசலைக் கழற்றிய பிறகே மாற்றுங்கள்.

பட்டுநூல் அறுந்திருந்தால் பட்டுநூலையே போடுங்கள். நூலைத் தூக்கி எறிந்துவிட்டு எஃகுத் தொங்கலைப் பொருத்தித் தரும் பழக்கம் பழுதுபார்ப்பவர்களிடையே உண்டு. ஓட்டம் சற்றுத் துல்லியமாகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காகப் பின்தகட்டில் புதிதாகத் துளையிடுவதை நான் ஒப்பமாட்டேன். அந்தத் துளையை மறுபடி மூட முடியாது.

அறிகுறி: ஒவ்வொரு மணியிலும் ஒரே இடத்தில் நிற்கிறது

நின்ற நேரத்தைக் குறித்து வையுங்கள். மூன்று முறை குறித்தால் கடிகாரமே காரணத்தைச் சொல்லிவிடும். நிமிடமுள் மணிமுள்ளைக் கடக்கும் இடங்களில் நின்றால் இரண்டும் உரசுகின்றன. எனாமல் முகப்பு சற்றுக் குவிந்தது என்பதால் முள்ளின் முனையும் அந்தக் குவிவோடு ஒத்து வளைந்திருக்க வேண்டும். தட்டையாக நிமிர்ந்துபோன முள் ஒருபுறம் முகப்பையும் மறுபுறம் கண்ணாடியையும் தொடும். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது என்றால் வேறு சோதனையே வேண்டாம்.

மணியடிக்கும் நேரத்துக்குச் சில நிமிடங்களுக்கு முன் 'களுக்' என்று ஓர் ஓசை கேட்கும். மணி அடிப்பதற்கான நெம்புகோல்கள் ஆயத்தமாகும் ஓசை அது. அந்த இடத்துக்குச் சற்று முன்பாகவே எப்போதும் நிற்கிறது என்றால், நெம்புகோலைத் தூக்கத் தேவையான சிறு கூடுதல் விசை இயந்திரத்திடம் இல்லை. நெம்புகோலின் அச்சில் எண்ணெய் பிசினாகியிருக்கும். 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் மட்டும் நிற்கிறதா? மணியடிக்கும் பகுதிக்குச் சாவி தீர்ந்திருக்கலாம். பிற்கால இயந்திரங்களில் எத்தனை மணி என்பதை நத்தை ஓடு போன்ற படிகள் கொண்ட தட்டு ஒன்று தீர்மானிக்கிறது. அடிக்காமல் கீழே விழுந்து கிடக்கும் பற்சட்டத்தின் (அடிகளை எண்ணும், பல் வெட்டிய நெம்புகோல்) வால், 12ஆம் படியிலிருந்து 1ஆம் படிக்கு உள்ள செங்குத்தான சுவரில் முட்டி, ஓடும் பகுதியையும் நிறுத்திவிடும். இடத்துளைக்கும் வலத்துளைக்கும் ஒரே நாளில் சாவி கொடுத்துவந்தால் இது வராது.

அறிகுறி: சாவி கொடுத்த முதல் சில நாள்கள் ஓடி, பிறகு நிற்கிறது

இவ்வியந்திரங்கள் ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓட வேண்டியவை, பல இரண்டு வாரமும் ஓடும். நான்காம் ஐந்தாம் நாளில் நிற்கிறது என்றால், சுருள்வில் முழு விசையுடன் இருக்கும்வரை அழுக்கை மீறித் தள்ளுகிறது, விசை குறைந்ததும் தோற்றுவிடுகிறது என்று பொருள். இங்கேதான் பலருடைய கை எண்ணெய்ப் புட்டியைத் தேடும். பழைய எண்ணெயின் மேல் புதிய எண்ணெயை விட்டால் கடிகாரம் ஒரு மாதம் ஓடும். அந்த ஒரு மாதமும் உள்ளே சேர்ந்த தூசு எண்ணெயில் குழைந்து அச்சுமுனைகளை அரைத்துக்கொண்டிருக்கும். தேங்காயெண்ணெய், தையல் எந்திர எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே ஆகிய எதுவும் கூடாது. இயந்திரத்தைப் பிரித்துக் கழுவி, கடிகாரத்துக்கென்றே விற்கப்படும் எண்ணெயை, ஊசிமுனையில் எடுத்து, தகட்டில் அச்சுமுனைகள் வெளிவரும் சிறு கிண்ணங்களிலும் நங்கூரத்தின் முனைகளிலும் மட்டும் இட வேண்டும். பற்களுக்கு எண்ணெய் தேவையே இல்லை. இவ்வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. ஏன் என்பதைக் கடைசி அறிகுறியில் சொல்கிறேன்.

அறிகுறி: நேரம் முந்துகிறது அல்லது பிந்துகிறது

முகப்பில் 12க்கு மேலே ஒரு சிறு துளை இருக்கிறதா? இருந்தால் சாவியின் மெல்லிய முனையை அதில் செருகித் திருப்பலாம். எஃகுத் தொங்கல் உள்ள கடிகாரத்தில் அது பித்தளைக் கட்டையைக் கீழிறக்கியோ மேலேற்றியோ தகட்டின் ஆடும் நீளத்தை மாற்றும். பட்டுநூல் கடிகாரத்தில் நூலைச் சுற்றும் அல்லது விடும். நூல் சுற்றப்பட்டு ஊசல் குறுகினால் வேகம் கூடும். எந்தத் திசை என்று தெரியாவிட்டால் ஒருபுறம் அரைச் சுற்று திருப்பிவிட்டு ஒரு முழு நாள் காத்திருங்கள். ஒரு மணி நேரத்தில் முடிவு கட்டித் திரும்பத் திரும்பத் திருகுபவர்களால் இக்கடிகாரங்களை ஒருபோதும் நேரத்துக்குக் கொண்டுவர முடிவதில்லை.

எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். நாளுக்கு 5 நிமிடம் பிந்தினால் ஊசல் ஏறத்தாழ 0.7 சதவீதம் குறுக வேண்டும். 122 மில்லிமீட்டர் ஊசலில் அது 0.85 மில்லிமீட்டர்தான். இதற்குத் துளையின் வீச்சே போதும். ஆனால் நாளுக்கு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று பிந்துகிறது என்றால் துளையைத் திருகிப் பயனில்லை. பின்தகட்டின் எண்ணை இப்போது எடுங்கள். 122 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 132 மில்லிமீட்டர் ஊசல் தொங்கினால் கடிகாரம் நாளுக்குச் சுமார் 55 நிமிடம் பின்தங்கும். ஏலங்களிலும் பழைய பொருள் கடைகளிலும் ஊசல்கள் தொலைந்து, கைக்குக் கிடைத்த வேறொன்று மாட்டப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். தொங்கும் இடத்திலிருந்து குண்டின் நடுப்பகுதி வரை அளந்து பாருங்கள். தகட்டு எண் ஊசலின் கணித நீளத்தை (கணக்கின்படி வரும் நீளத்தை) சொல்வதால் இரண்டும் அச்சாக ஒத்துப்போகாது. சென்டிமீட்டர் கணக்கில் வேறுபட்டால் ஊசல் வேறு வீட்டுப் பிள்ளை.

வெயில் காலத்தில் நாளுக்குச் சில விநாடிகள் பிந்துவதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம். பித்தளைக் கம்பி ஊசல் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் நாளுக்கு 0.8 விநாடி பிந்தும், எஃகுக் கம்பி 0.5 விநாடி. பட்டுநூல் ஈரப்பதத்துக்கும் சேர்த்து ஆடும் என்பதால், அத்தகைய கடிகாரத்திடம் வாரத்துக்கு ஓரிரு நிமிடத் தவறை எதிர்பார்த்துத்தான் வாழ வேண்டும்.

அறிகுறி: முள் காட்டுவது ஒன்று, மணி அடிப்பது ஒன்று

முந்தைய கால இயந்திரங்களில், பின்தகட்டின் வெளியே, விளிம்பில் சமமற்ற இடைவெளிகளில் பள்ளங்கள் வெட்டிய பெரிய சக்கரம் ஒன்று இருக்கும். எண்ணுச் சக்கரம் என்று சொல்லலாம். 1 முதல் 12 வரை 78 அடிகளும் அரைமணிகளுக்கு 12 அடிகளுமாக 90 அடிகளை அது வரிசையாக எண்ணிச் செல்லும். முட்கள் எங்கே நிற்கின்றன என்பது அதற்குத் தெரியாது. இடையில் மணிப்பகுதிக்குச் சாவி தீர்ந்தாலோ, யாராவது முள்ளை அவசரமாகத் திருப்பினாலோ இரண்டும் பிரிந்துவிடும்.

சரிசெய்வது எளிது. நிமிடமுள்ளை முன்னோக்கி மட்டும் நகர்த்தி 12இல் நிறுத்துங்கள். எத்தனை அடிக்கிறது என்று எண்ணுங்கள். மணிமுள் அதன் குழலில் உராய்வால் மட்டுமே நிற்பதால், அதை மட்டும் விரலால் பிடித்து, அடித்த எண்ணுக்கு நேரே திருப்புங்கள். பிறகு சரியான நேரம் வரும்வரை நிமிடமுள்ளை முன்னே கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு மணியிலும் அரைமணியிலும் நின்று, முழுவதும் அடித்து முடித்த பிறகே மேலே நகர வேண்டும். நிமிடமுள்ளைப் பின்னோக்கித் திருப்பினால் தூக்குநெம்பில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. 12:30, 1, 1:30 என மூன்று முறை தொடர்ந்து ஒற்றை அடி வருவது இயல்பானது. அதைக் கேட்டுவிட்டுப் பிழை என்று தொடங்கிய இடத்துக்கே திரும்புபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரைமணியில் ஏழு, முழுமணியில் ஒன்று என்று மாறி அடிக்கிறதா? எண்ணுச் சக்கரம் ஒரு படி தள்ளியிருக்கிறது. நிமிடமுள் 6இல் வந்து நிற்கும்போது ஏழு அடித்ததென்றால், முள்ளின் அச்சாணியைக் கழற்றி, முள்ளை எடுத்து 180 பாகை திருப்பி மாட்டுங்கள், பிறகு மணிமுள்ளை ஏழில் வையுங்கள். முழுமணிக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னோ பின்னோ அடிக்கிறது என்றால், எஃகு முள்ளின் நடுவிலுள்ள சதுரத் துளையுடைய பித்தளைக் குமிழைத் தேவையான அளவு முள்ளுக்குள்ளேயே திருப்பி மாட்டினால் போதும். அதற்கென்றே அது தனி உறுப்பாகச் செய்யப்பட்டுள்ளது.

மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கத்துச் சாவித்துளையைத் தொடாமல், வில் தீரும்வரை அடிக்கவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். மணியோசை தகரத்தைத் தட்டியதுபோல் செத்து ஒலித்தால் சுத்தியல் மணியின் மேலேயே சாய்ந்து கிடக்கிறது. ஓய்வில் அது மணியிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகி நிற்குமாறு சுத்தியல் காம்பை வளைக்க வேண்டும். அதன் பிறகும் ஒலி சரியாகவில்லை என்றால் மணியின் நடுத்திருகைப் பாருங்கள், தளர்ந்திருக்கும்.

அறிகுறி: கூடு கறுத்து மங்கியிருக்கிறது

இது பிழையே அன்று, ஆனால் பிழையாக எண்ணிச் செய்யும் வைத்தியம்தான் பெரிய சேதம். பழைய முலாம், தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்கலத்தின் மேல் பூசி, சூட்டில் பாதரசத்தை ஆவியாக்கிப் பதித்தது. அந்த ஆவியை மூச்சிழுத்த தொழிலாளர்கள் நோயுற்று மடிந்தார்கள். 1840களில் மின்முலாம் வந்தது, அதன் படலம் இன்னும் மெல்லியது. பித்தளை என்றதும் புளியைத் தேடும் கை நமக்கு. புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் இதன் அருகே வரக்கூடாது. பாலிஷைத் தேய்த்தால் போவது கறை மட்டும் அன்று, தங்கமும்தான். மென்தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள். சிலையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பழைய கீறலைப் பாருங்கள். உள்ளே மஞ்சளாக இருந்தால் வெண்கலம். சாம்பல் வெள்ளையாக இருந்தால் துத்தநாகக் கலவை, அதைக் கையையோ தலையையோ பிடித்துத் தூக்கினால் ஒடிந்துவிடும். கறுப்புப் பளிங்கு மேடையிலும் அமிலம் படக்கூடாது.

அறிகுறி: சாவி பிடிமானமின்றிச் சுழல்கிறது, அல்லது உள்ளே 'படார்' என்று ஓசை கேட்டது

இங்கே நிறுத்துங்கள். முதலில் சாவியையே சோதிக்கலாம். தளர்ந்த சாவி சதுரத் தண்டின் முனைகளை மழுக்கிவிடும், சரியான அளவுள்ள சாவி இறுக்கமாகப் பிடித்தால் வேறு குறை இல்லை. சாவி சரியாக இருந்தும் கொடுத்த சுற்று அப்படியே திரும்பி வந்து விரல்களைத் தட்டினால், பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கொக்கியோ அதன் சிறு வில்லோ போய்விட்டது. 'படார்' ஓசை கேட்டிருந்தால் சுருள்வில் அறுந்திருக்கும், அந்த அதிர்ச்சியில் அடுத்த சக்கரத்தின் பற்களும் வளைந்திருக்கலாம். நீண்ட, கனத்த எஃகுப்பட்டை ஒரு பித்தளைப் பெட்டிக்குள் சுருண்டு அடங்கியிருப்பதுதான் இக்கடிகாரத்தின் விசை. அதை முறையாகத் தளர்த்தாமல் தகடுகளைப் பிரித்தவர்கள் சக்கரங்களையும் இழந்திருக்கிறார்கள், விரல் நுனியையும் இழந்திருக்கிறார்கள்.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லும்போது ஊசலைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே கொடுங்கள். பின்தகட்டின் முத்திரையையும் இரண்டு எண்களையும் ஒளிப்படம் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டைக் கொடுக்கத் தேவையில்லை. பின்னாலுள்ள இரண்டு திருகுகளை எடுத்தால் முகப்போடு சேர்ந்து இயந்திரம் முன்பக்கமாக வெளியே வந்துவிடும், கடைசித் திருகு விடுபடும்போது முகப்பை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.